சாக்கெட் நிரலாக்கம் கற்போருக்கு: வாசகர் கேள்வி-பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாக்கெட் நிரலாக்கத்தைப் பற்றியவை, அதாவது வலையமைப்பு வழியே இரண்டு நிரல்கள் தரவைப் பரிமாறிக்கொள்ள எழுதுவதைப் பற்றியவை. ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்ததால், அவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் இங்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: மூன்றாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். இணையத்தில் சாக்கெட் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் பாதி வரை போய் விட்டுவிடுகிறேன். எதை முழுமையாகப் படிக்கலாம்? சி மொழி தெரியும், பைத்தான் ஓரளவு தெரியும்.
– மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒரு பாடம் தேறுமா தேறாதா என்பதைச் சில நிமிடங்களிலேயே கண்டுபிடித்துவிடலாம். முன்னுரையை எல்லாம் தாண்டி, மறுமுனையிலிருந்து வரும் தரவைப் பெறும் ‘ரெசீவ்’ அழைப்பை அந்தப் பாடம் விளக்கும் இடத்துக்கு நேரே செல்லுங்கள். 1024 பைட் என்று கேட்டு ஒரே ஒரு முறை அழைத்துவிட்டு, கிடைத்ததையே முழுச் செய்தி என்று திரையில் காட்டுகிற பாடமாக இருந்தால் அங்கேயே மூடிவிடுங்கள். கேட்டதில் ஒரு பகுதி மட்டுமே வந்து சேரலாம், ஆகவே லூப்பில் வைத்துத் திரும்பத் திரும்ப அழைக்க வேண்டும் என்று சொல்கிற பாடமாக இருந்தால் நம்பிப் படிக்கலாம். காணொளிப் பாடங்களில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது என்பது என் கணிப்பு.

இந்தச் சோதனையில் தேறுபவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது, பிரையன் ஹால் என்பவர் ‘பீஜ்’ என்ற புனைபெயரில் 1990-களின் நடுவிலிருந்து எழுதியும் திருத்தியும் வருகிற வலையமைப்பு நிரலாக்க வழிகாட்டி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சி மொழியில் அமைந்தது. இணைய முகவரியின் புதிய வடிவமான ஐபிவி6 முகவரிகளையும் தொடக்கத்திலிருந்தே சேர்த்துச் சொல்லித் தருகிறது. அதில் வரும் சிறிய டிசிபி (தரவை வரிசை மாறாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறை) சர்வர் 3490-ஆம் போர்ட்டில் (கணினிக்குள் எந்த நிரலுக்கு என்று காட்டும் எண்) காத்திருந்து, இணைப்பவருக்கு ஒரு வாழ்த்து வரியை அனுப்பும். அந்த நிரலை நகலெடுத்து ஒட்டாமல் வரி வரியாகத் தட்டச்சு செய்யுங்கள். பகுதியாகவே அனுப்பப்படும் தரவை எப்படிக் கையாள்வது, தரவின் முன்னால் நீளத்தைச் சேர்த்து அதற்கு உறை எப்படிக் கட்டுவது என்று பின்னால் வரும் பகுதிகளைப் பலர் படிப்பதே இல்லை. உண்மையில் அந்த வழிகாட்டியின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

பைத்தானில் தொடங்க விரும்பினால், அம்மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்திலேயே கார்டன் மெக்மில்லன் எழுதிய சாக்கெட் குறிப்பு ஒன்று உள்ளது. மிகச் சிறியதுதான் என்றாலும், செய்தியின் எல்லையை நிரலாளரே வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அது ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. உங்கள் நிலைக்கு என் யோசனை: முதலில் பைத்தானில் எழுதிப் பழகிவிட்டு, அதே நிரலைச் சி மொழியில் மறுபடி எழுதுங்கள். பைத்தானின் சாக்கெட் தொகுதி, இயங்குதளத்தின் அழைப்புகள் மீது போர்த்திய மெல்லிய போர்வைதான். சாக்கெட், பைண்ட் (முகவரியோடும் போர்ட்டோடும் பிணைப்பது), லிசன், அக்செப்ட், கனெக்ட் என்ற அழைப்புகள் 1983-இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸுடன் வெளிவந்தவை. இன்றைக்கும் அதே பெயரில், ஏறத்தாழ அதே வரிசையில்தான் அழைக்கப்படுகின்றன.

ஐயம் வரும்போது புரட்டிப் பார்க்க ரிச்சர்ட் ஸ்டீவன்ஸின் ‘யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்’ நூல் இருக்கிறது. முதற்பதிப்பு 1990-இல் வந்தது. ஆசிரியரின் மறைவுக்குப் பிறகு வேறு இருவர் திருத்திய மூன்றாம் பதிப்பு 2003-இல் வந்தது. முதல் பக்கத்திலிருந்து தொடர்ந்து வாசிப்பதற்கான நூல் அன்று அது. கல்லூரி நூலகத்தில் இருந்தால் வேண்டிய அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். பெயரை ஐபி முகவரியாக மாற்ற ‘கெட்ஹோஸ்ட்பைநேம்’ என்ற அழைப்பைப் பயன்படுத்தும் பாடம் பழையது என்று கொள்ளலாம். அது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்திலிருந்தே 2008-இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது ‘கெட்ஆட்ரஸ்இன்ஃபோ’தான் வழக்கம்.

கேள்வி: ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மின் அளவிகளிலிருந்து நெட்வொர்க் வழியாக அளவுகளைப் படிக்கும் நிரல் ஒன்றை நானே எழுத ஆசை. நிரலாக்கத்துக்கு முன் என்னென்ன கருவிகளைப் பழகிக்கொள்ள வேண்டும்?
– வாசகர், ஓசூர்

பதில்: கருவிகளை முதலில் கேட்டிருக்கிறீர்கள், அதுவே சரியான வரிசை. சர்வரையும் அதோடு இணையும் கிளையன்டையும் ஒரே நேரத்தில் எழுதி ஓட்டுபவருக்கு, தவறு எந்தப் பக்கம் என்று தெரியாது. ஒரு பக்கத்துக்கு நம்பகமான கருவியை நிறுத்திவிட்டு மறுபக்கத்தை மட்டும் எழுதினால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அந்தக் கருவி நெட்கேட். 1990-களின் நடுவில் வெளிவந்த இச்சிறு நிரலை ‘என்சி’ என்ற கட்டளையால் இயக்குகிறோம். லினக்ஸில் இரண்டு டெர்மினல்களைத் திறந்து, ஒன்றில் நெட்கேட்டை 9000-ஆம் போர்ட்டில் காத்திருக்கச் சொல்லுங்கள், மற்றொன்றில் அதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியின் அதே போர்ட்டுக்கு இணையச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தட்டச்சு செய்வது மறுபக்கம் தோன்றும். நெட்கேட்டில் பல வகைகள் உள்ளன. சிலவற்றில் காத்திருக்கும் போர்ட் எண்ணுக்கு முன் ‘பி’ என்ற குறியும் வேண்டும். ஒரு வகையில் இயங்கிய கட்டளை இன்னொன்றில் பிழை காட்டினால் பதற்றம் வேண்டாம். விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு என்மேப் தொகுப்புடன் ‘என்கேட்’ சேர்ந்தே வருகிறது.

அடுத்து மூன்றாவது டெர்மினலில், போய்வரும் பாக்கெட்களை (தரவுத் துண்டுகளை) காட்டும் டிசிபிடம்ப்பைத் திறந்து, கணினி தன்னோடு தானே பேசும் லூப்பேக் இடைமுகத்தில் 9000-ஆம் போர்ட்டைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, முன்பு செய்ததை மறுபடி செய்யுங்கள். இணைப்பு ஏற்படும்போது மூன்று வரிகள் வரும்: சதுர அடைப்புக்குள் முதலில் ‘எஸ்’ என்ற எழுத்து (இணைப்புக் கோரிக்கை), பிறகு ‘எஸ்’ஸும் ஒரு புள்ளியும் (புள்ளி என்றால் ஒப்புதல்), பிறகு வெறும் புள்ளி. பாடநூலில் படம் போட்டுக் காட்டுகிற மூன்று கட்டக் கைகுலுக்கல் இதுதான். இப்போது ‘வணக்கம்’ என்று தட்டி என்டர் அழுத்தினால், தரவின் நீளம் 22 என்று காட்டும். எழுத்துகளைப் பைட்களாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். மெய்ப்புள்ளிகளையும் சேர்த்தால் அச்சொல்லில் 7 குறிகள். ஆகவே 21, கூடவே வரி முடிவுக்கு 1. ஒரு பக்கத்தை மூடும்போது முடிவைக் குறிக்கும் ‘எஃப்’ என்ற எழுத்து வரும். காத்திருப்போர் யாருமில்லாத போர்ட்டுக்கு இணைய முயன்றால் மறுப்பைக் குறிக்கும் ‘ஆர்’ உடனே வரும். இந்த நான்கைந்து வரிகளைக் கண்ணால் பார்த்துவிட்டவர், பிற்பாடு எந்தப் பிழைச் செய்தியைக் கண்டும் திகைக்க மாட்டார்.

வண்ணத்தோடும் விளக்கத்தோடும் பார்க்க வேண்டுமானால் வயர்ஷார்க். ஜெரால்ட் கோம்ஸ் 1998-இல் ‘ஈதரியல்’ என்ற பெயரில் வெளியிட்டது; 2006-இல் இப்பெயர் பெற்றது. அதில் ஒரு பாக்கெட்டின் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து, டிசிபி ஓட்டத்தைப் பின்தொடரும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் உரையாடல் முழுவதும் ஒரே சாளரத்தில் வந்துவிடும். எந்த நிரல் எந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க ‘எஸ்எஸ்’ கட்டளை. பழைய நெட்ஸ்டாட்டின் இடத்தில் இப்போது அதுதான். நிரல் இயங்குதளத்திடம் எதை எதைக் கேட்டது, என்ன பதில் பெற்றது என்று பார்க்க எஸ்ட்ரேஸ். எஸ்ட்ரேஸைக் கற்றவர் கேள்விக் கடிதம் எழுதுவது குறைந்துவிடும் என்பதால் எங்களுக்குத்தான் நட்டம்.

உங்கள் மின் அளவிகள், தொழிற்சாலைக் கருவிகளுக்கான நெறிமுறையான மோட்பஸ் டிசிபி பேசுபவையாக இருந்தால் 502-ஆம் போர்ட்டைப் பாருங்கள். ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் 7 பைட் தலைப்பு இருக்கும். அதில் பின்தொடரும் பைட்களின் எண்ணிக்கைக்கென 2 பைட் ஒதுக்கியிருக்கும். அதை முதலில் வயர்ஷார்க்கில் அடையாளம் கண்டுகொண்டு, பிறகு நிரல் எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் உற்பத்தி வரிசையில் சோதனை செய்யாதீர்கள். மேலதிகாரியின் அனுமதியோடு, தனியே எடுத்து வைத்த அளவி ஒன்றில் படிக்கும் கட்டளைகளை மட்டும் முயன்று பாருங்கள். மோட்பஸில் கடவுச்சொல் கிடையாது. எழுதும் கட்டளையைத் தவறி அனுப்பினாலும் கருவி கீழ்ப்படிந்துவிடும்.

கேள்வி: பைத்தானில் நான் எழுதிய சாட் நிரல் ஒரே கணினியில் ஒழுங்காக இயங்குகிறது. இரண்டு கணினிகளில் ஓட்டினால், அடுத்தடுத்து அனுப்பிய இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வருகின்றன. நீளமான தமிழ்ச் செய்தி அனுப்பினால் யூனிகோட் பிழை காட்டி நிரலே நின்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்தப் பிழை வருவதில்லை. தமிழுக்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இதே சிக்கலைக் கோவையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் இரண்டு பிழைகளும் ஒரே வேரில் முளைத்தவை.

டிசிபி உங்களிடமிருந்து வாங்கிக்கொள்வது பைட்களை மட்டுமே. எங்கே ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்ற கணக்கை அது வைத்துக்கொள்வதில்லை. குழாயின் ஒரு முனையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால், மறுமுனையில் பிடிப்பவருக்கு முதல் குடம் எங்கே முடிந்தது என்று தெரியுமா? அவர் நீட்டுகிற பாத்திரத்தின் அளவுக்கும், அந்நேரத்தில் குழாயில் இருக்கிற நீருக்கும் ஏற்பத்தான் கிடைக்கும். அனுப்பிய வரிசை மாறாது, இணைப்பு நிலைத்திருக்கும் வரை இடையில் ஒரு பைட்டும் தொலையாது. அந்த இரண்டுக்குத்தான் டிசிபி பொறுப்பேற்கிறது.

செய்திகள் ஒட்டிக்கொள்வதற்குக் காரணங்கள் பல. சிறு சிறு துண்டுகளாக அனுப்பினால் வலையமைப்பில் நெரிசல் ஏற்படும் என்பதற்காக, முன்பு அனுப்பியதற்கு ஒப்புதல் வரும் வரை அடுத்த துண்டுகளைச் சேர்த்து வைக்கும் நேகல் வழிமுறை 1984-இல் ஆர்எஃப்சி 896 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணத்தில் முன்வைக்கப்பட்டது. பெரும்பாலான இயங்குதளங்களில் அது தானாகவே செயல்படுகிறது. பெறுகிற நிரல் சற்றுத் தாமதமாக ரெசீவ் அழைத்தாலும், அதற்குள் வந்து குவிந்தவை எல்லாம் ஒன்றாகவே கிடைக்கும். ஒரே கணினியில் இந்தக் குறை வெளியே தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. அங்கே ஒப்புதல் நொடிப்பொழுதில் வந்துவிடுகிறது. மேலும் லினக்ஸின் லூப்பேக் இடைமுகம் ஒரே பாக்கெட்டில் 65536 பைட் வரை கொண்டு செல்லும், கம்பிவழி வலையமைப்பான ஈதர்நெட்டிலோ வழக்கமான வரம்பு 1500. ஆகவே லூப்பேக்கில் இயங்கிற்று என்பது நிரல் சரியானது என்பதற்குச் சான்றாகாது.

தமிழுக்கு வருவோம். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு யூடிஎஃப்-8 முறையில் 1 பைட். எங்கே வெட்டினாலும் எழுத்து சிதையாது. தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட். நீங்கள் 1024 பைட் கேட்கிறீர்கள். 341 தமிழ்க் குறிகளுக்கு 1023 பைட் போக, எஞ்சிய 1 பைட் 342-ஆவது குறியின் முதல் மூன்றில் ஒரு பங்கு. இடைவெளியும் நிறுத்தக்குறியும் 1 பைட் என்பதால் வெட்டு விழும் இடம் முன்பின்னாக மாறும். சில வேளைகளில் தற்செயலாகச் சரியாகவும் விழும். அதனால்தான் பிழை ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. அரைகுறையான அந்தப் பைட்டை எழுத்தாக மாற்ற முயலும்போது பைத்தான் மறுத்துவிடுகிறது. அது மறுத்தது நல்லதுதான். நல்ல வேளையாக நீங்கள் தமிழில் சோதித்தீர்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் குறை உள்ளேயே உறங்கிக் கிடந்திருக்கும்.

தீர்வுக்கு இரண்டு வழிகள். ஒவ்வொரு செய்தியின் இறுதியிலும் வரி முடிவுக் குறியை வைத்து, அதைக் காணும் வரை சேர்த்துக்கொண்டே போவது ஒன்று. ஜாவாவில் ‘ரீட்லைன்’ பயன்படுத்தி எழுதும் ஆய்வக நிரல்கள் பிழையின்றி இயங்குவது இதனால்தான். அந்த வேலையை மாணவருக்குத் தெரியாமல் நூலகமே செய்துவிடுகிறது. செய்தியின் முன்னால் அதன் நீளத்தை 4 பைட் எண்ணாக அனுப்புவது மற்றது. நான் பரிந்துரைப்பது இரண்டாவதை, ஏனெனில் செய்திக்குள் எந்தக் குறி வந்தாலும் அதற்குக் கவலை இல்லை. பெறும் பக்கத்தில், வேண்டிய எண்ணிக்கை பைட்கள் சேரும் வரை லூப்பில் பெற்றுத் தரும் ஒரு செயற்கூறை எழுதிக்கொள்ளுங்கள். முதலில் அதைக் கொண்டு 4 பைட் பெற்று நீளத்தை அறியுங்கள், பிறகு அதே செயற்கூறைக் கொண்டு அந்த நீளத்தைப் பெறுங்கள், அதன் பிறகே எழுத்தாக மாற்றுங்கள். அனுப்பும் பக்கத்தில் ‘சென்ட்’ அழைப்பும் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றுக்கொள்ளக்கூடும்; பைத்தானில் ‘சென்ட்ஆல்’ அந்தக் கவலையைத் தீர்க்கிறது.

விடுபட்டுப்போகும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். ரெசீவ் வெறுமையாகத் திரும்பினால் மறுமுனை மூடிக்கொண்டது என்று பொருள். அதைச் சோதிக்காத லூப் முடிவில்லாமல் சுற்றும். மின்விசிறி இரையத் தொடங்கும்போதுதான் தெரியவரும். அடுத்து, நீளத்துக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். 4 பைட்டில் 400 கோடிக்கு மேற்பட்ட எண்ணையும் எழுதி அனுப்ப முடியும், அதை நம்பி நினைவகம் ஒதுக்கினால் சர்வர் படுத்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு, நிரலில் 1024 என்று எழுதிய இடத்தில் 5 என்று மாற்றி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் நீளமான தமிழ்ச் செய்தி சிதையாமல் வந்தால் உங்கள் நிரல் சரி.

கேள்வி: சி மொழியில் 8080-ஆம் போர்ட் என்று கொடுத்தேன். எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் 36895 என்று காட்டுகிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: 8080 என்பது 31-ஐ 256-ஆல் பெருக்கி 144-ஐக் கூட்டியது. நீங்கள் பயன்படுத்தும் செயலி சிறிய பைட்டை முதலில் வைக்கிறது. வலையமைப்பில் பெரிய பைட்தான் முதலில் வர வேண்டும். மாற்றாமல் கொடுத்ததால் 144-ஐ 256-ஆல் பெருக்கி 31-ஐக் கூட்டிய 36895 ஆயிற்று. ‘எச்டிஓஎன்எஸ்’ அழைப்பின் வழியே போர்ட் எண்ணைக் கொடுங்கள். பைத்தானில் இந்தத் தொல்லை போர்ட்டுக்கு இல்லை. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன 4 பைட் நீளத்துக்கு அங்கும் உண்டு.

கேள்வி: சர்வரை நிறுத்திவிட்டு உடனே மறுபடி ஓட்டினால் ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் பிழை வருகிறது. ஒவ்வொரு முறையும் போர்ட் எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கிறேன்.
– வாசகர், நாமக்கல்

பதில்: போர்ட்டை மாற்ற வேண்டாம், காரணத்தைப் பாருங்கள். இரண்டு காரணங்கள் இருக்கக்கூடும். டிசிபி இணைப்பை எந்தப் பக்கம் முதலில் மூடுகிறதோ, அந்தப் பக்கம் ‘டைம் வெயிட்’ என்ற நிலையில் சிறிது நேரம் காத்திருக்கும். வழியில் தாமதப்பட்ட பழைய பாக்கெட் ஏதேனும் வந்து புதிய இணைப்புக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்கான காவல் அது. லினக்ஸில் இது 60 நொடி. சர்வர் சாக்கெட்டுக்கு ‘ரீயூஸ்ஆட்ரஸ்’ விருப்பத்தைப் பைண்ட் அழைப்புக்கு முன்பாக அமைத்தால், அந்த நிலையில் பழைய இணைப்பு இருந்தாலும் பைண்ட் வெற்றி பெறும். பைண்டுக்குப் பின் அமைத்துவிட்டுப் பயனில்லை என்று எழுதுபவர்கள் உண்டு. விண்டோஸில் அதே பெயருள்ள விருப்பத்தின் பொருள் வேறு. ஒரு நிரல் பிடித்திருக்கும் போர்ட்டை இன்னொரு நிரல் பறித்துக்கொள்ளவே அது வழிவிடும். ஆகவே லினக்ஸ் பாடத்தைப் பார்த்து விண்டோஸில் அப்படியே எழுதாதீர்கள்.

மற்றொரு காரணம் இன்னும் எளியது. நிரலை நிறுத்த கன்ட்ரோலுடன் ‘சி’ அழுத்துவதற்குப் பதில் ‘இசட்’ அழுத்துகிறவர்கள் ஏராளம். ‘இசட்’ நிரலை முடிப்பதில்லை, உறங்க வைக்கிறது. போர்ட் அதன் பிடியிலேயே இருக்கும். டெர்மினலில் ‘ஜாப்ஸ்’ என்று கேட்டால் உறங்கிக் கிடப்பவை அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும்.

கேள்வி: என் வீட்டில் சர்வர் ஓட்டுகிறேன், வேறு ஊரில் இருக்கும் நண்பனால் இணைய முடியவில்லை. சில நேரம் ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே வருகிறது. சில நேரம் வெகுநேரம் காத்திருந்து ‘நேரம் கடந்தது’ என்று வருகிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், விருதுநகர்

பதில்: உடனே மறுப்பு வந்தால், பாக்கெட் ஏதோ ஒரு கணினியைச் சென்றடைந்துவிட்டது, அங்கே அந்தப் போர்ட்டில் யாரும் காத்திருக்கவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். சர்வர் ஓடவில்லை, போர்ட் எண் தவறு, அல்லது 127.0.0.1 என்ற முகவரியில் மட்டும் பைண்ட் செய்திருக்கிறீர்கள். இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. லூப்பேக்கில் பைண்ட் செய்த சர்வர் அந்தக் கணினிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எல்லா இடைமுகங்களிலும் காத்திருக்க 0.0.0.0 என்று கொடுக்க வேண்டும்.

வெகுநேரம் காத்திருந்து தோற்றால், பாக்கெட் வழியில் விழுங்கப்பட்டது. லினக்ஸ் முதல் பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்த பிறகே கைவிடும். விழுங்குவது, வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலாக இருக்கலாம். உங்கள் விஷயத்தில் பெரும்பாலும், வீட்டுக் கருவிகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைக்கும் ரவுட்டரின் முகவரி மாற்றமாக (என்ஏடி) இருக்கும். 192.168 என்று தொடங்கும் உங்கள் கணினியின் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்தால் போதும் என்று பாடங்கள் சொல்லும். அதற்கு முன், ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால், இணைய நிறுவனமே பல சந்தாதாரர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் எதைச் செய்தாலும் வெளியிலிருந்து இணைப்பு வராது. கைபேசி இணையத்திலும் இதுவே பெரும்பாலும் நிலை.

இரு வீடுகளிலும் ஐபிவி6 இருந்தால், ஃபயர்வாலில் வழிவிட்டு நேரடியாக முயலலாம். இல்லையேல் குறைந்த வாடகைக்குக் கிளவுடில் சிறு லினக்ஸ் கணினி எடுத்து, சர்வரை அங்கே ஓட்டுங்கள். கற்கும் காலத்துக்கு அதுகூட வேண்டியதில்லை. ஒரே வைஃபையில் உள்ள இரண்டு கணினிகள் போதும். விடுதி வைஃபைகளில் மட்டும், கருவிகள் ஒன்றோடொன்று பேசாதபடி தடுத்திருப்பார்கள். அங்கே கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நாடுங்கள்.

கேள்வி: வெப்சாக்கெட் கற்றால் சாக்கெட் கற்றதாகுமா?
– வாசகர், மலேசியா

பதில்: ஆகாது. 2011-இல் ஆர்எஃப்சி 6455 வழியே தரப்படுத்தப்பட்ட வெப்சாக்கெட், டிசிபியின் மீது, வலைப்பக்கங்களுக்கான எச்டிடிபி வழியே கைகுலுக்கித் தொடங்கும் ஒரு நெறிமுறை. செய்தி எல்லைகளை அதுவே காக்கிறது. பிரவுசரில் சாட் எழுத அது போதும், அடித்தளத்தைக் காட்டாது.

கேள்வி: என் சர்வர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. திரெட் பயன்படுத்தலாமா, செலக்ட் பயன்படுத்தலாமா, நேரே ஒத்தியங்காத (அசின்க்ரனஸ்) முறைக்கே போய்விடலாமா?
– மென்பொருள் பயிற்சியாளர், சென்னை

பதில்: இணைப்புக்கு ஒரு திரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் ஓர் இழை) என்ற முறையிலேயே தொடங்குங்கள். சில நூறு பேர் வரை அது தாங்கும். நிரலும் படிக்க எளிதாக இருக்கும். அடுத்து, எந்தச் சாக்கெட்டில் தரவு வந்திருக்கிறது என்று சொல்லும் ‘போல்’ அழைப்பைக் கொண்டு ஒரே திரெட்டில் பலரைக் கவனிக்கும் சாட் சர்வர் ஒன்றை எழுதுங்கள். முன்பு சொன்ன பீஜ் வழிகாட்டியில் அதற்கு முழு உதாரணம் உள்ளது. அதே வேலையைச் செய்யும் ‘செலக்ட்’ அழைப்பு பழைய நிரல்களைப் படிக்க மட்டும் போதும். லினக்ஸில் 1023-க்கு மேற்பட்ட எண்ணுள்ள சாக்கெட்டை அதனால் கவனிக்க முடியாது. ஒரே கணினியில் பத்தாயிரம் பேரைத் தாங்குவது எப்படி என்று டான் கெகல் 1999-இல் எழுப்பிய கேள்வியை ஒட்டிய காலத்தில்தான் ஃப்ரீபிஎஸ்டியில் ‘கேக்யூ’வும் லினக்ஸில் ‘ஈபோல்’லும் வந்தன. இன்றைய ஒத்தியங்கா நூலகங்கள் அவற்றின் மீதுதான் நிற்கின்றன. போல் எழுதிப் பழகியவருக்கு அந்த நூலகங்கள் உள்ளே என்ன செய்கின்றன என்பது தானாகப் புரியும். நேரே அங்கே தாவியவர், ஒருவருக்காகக் காத்திருக்கும் ஒரே ஒரு வரி சர்வர் முழுவதையும் ஏன் நிறுத்திவைக்கிறது என்று விளங்காமல் தவிப்பார்.

கேள்வி: என்னிடம் கணினி இல்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில் பழக முடியுமா?
– மாணவர், இராமநாதபுரம்

பதில்: முடியும். டெர்மக்ஸ் செயலியை நிறுவினால் அதற்குள் பைத்தான், சி கம்பைலர், நெட்கேட் மூன்றும் கிடைக்கும். 1024-க்குக் கீழ்ப்பட்ட போர்ட்களை ரூட் (முழு நிர்வாகி) அனுமதியின்றிப் பிடிக்க முடியாது. 9000 போன்ற எண்களை வைத்துக்கொள்ளுங்கள். டிசிபிடம்ப்புக்கும் ரூட் அனுமதி வேண்டும் என்பது மட்டும்தான் குறை. நண்பரின் கைபேசியை உங்கள் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தால் இரண்டு முனை கொண்ட ஆய்வகம் தயார். சிறிய புளூடூத் விசைப்பலகை ஒன்று இருந்தால் கண்ணுக்கும் விரலுக்கும் நல்லது.

கேள்வி: வலையமைப்பு ஆய்வகம் நடத்துகிறேன். எக்கோ, சாட், யுடிபி வழியே டிஎன்எஸ் என்ற வழக்கமான பயிற்சிகளை மாணவர்கள் மனப்பாடமாகவே எழுதிவிடுகிறார்கள். புரிந்துதான் எழுதினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– உதவிப் பேராசிரியர், மதுரை

பதில்: நிரலை வாசித்து மதிப்பெண் இடுவதை விட்டுவிட்டு, அதைத் தொந்தரவு செய்து பாருங்கள். மாணவரின் சர்வருக்கு உங்கள் நெட்கேட் மூலம் பாதிச் செய்தியை அனுப்பிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருங்கள். இரண்டாவது நெட்கேட்டைத் திறந்து, அது இணைந்து பதில் பெறுகிறதா என்று பாருங்கள். பிறகு முதலாவதை நடுவிலேயே மூடுங்கள். மனப்பாட நிரல் இந்த மூன்றில் ஒன்றிலாவது விழுந்துவிடும். ஏன் விழுந்தது என்று டிசிபிடம்ப் வரிகளைக் காட்டி விளக்கச் சொன்னால், புரிந்தவர் யார் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

அனுப்பியதையே திருப்பி அனுப்பும் எக்கோ பயிற்சிக்கு முன் 1983-இல் வந்த ஆர்எஃப்சி 862-ஐப் படிக்கக் கொடுங்கள், ஒரு பக்கம்தான். தரவு சேர்ந்ததா என்று உறுதி செய்யாமல் அனுப்பும் நெறிமுறையான யுடிபிக்கு 1980-இன் ஆர்எஃப்சி 768, மூன்றே பக்கம். தரநிலை ஆவணம் என்றால் அஞ்ச வேண்டியதில்லை என்று மாணவர்கள் உணர இவ்விரண்டும் போதும். டிசிபிக்கு 1981-இன் ஆர்எஃப்சி 793-ஐ இன்னும் பல பாடக்குறிப்புகள் சுட்டுகின்றன. 2022-இல் வந்த 9293 அதன் இடத்தைப் பிடித்துவிட்டது என்பதையும் குறிப்பில் திருத்திவிடுங்கள்.

யுடிபி பயிற்சிக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆய்வகக் கம்பியில் பாக்கெட் தொலைவதே அரிது என்பதால், தொலைந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமலேயே மாணவர்கள் கரையேறிவிடுகிறார்கள். லினக்ஸின் ‘டிசி’ கட்டளையில் ‘நெட்எம்’ என்ற வசதி உள்ளது. அதைக் கொண்டு லூப்பேக்கிலேயே 100 மில்லிநொடித் தாமதமும் நூற்றுக்கு இருபது பாக்கெட் இழப்பும் ஏற்படுத்தலாம். போவதும் வருவதும் அதே இடைமுகம் என்பதால், போய்வரும் நேரத்தை அளக்கும் பிங் 200 மில்லிநொடி காட்டும். பதில் வராவிட்டால் மறுபடி கேட்கும் ஏற்பாடு இல்லாத டிஎன்எஸ் (பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்டறியும்) நிரல் சில முறை ஓட்டுவதற்குள் உறைந்து நின்றுவிடும். வகுப்பு முடிந்ததும் அந்த விதியை நீக்க மறக்காதீர்கள். கணினியை மறுதொடக்கம் செய்யும் வரை அது நீடிக்கும், அடுத்த வகுப்பு மாணவர்கள் பாவம், தங்கள் நிரலில் இல்லாத பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.